தன்வினையும் பிறவினையும்

தன்வினை பிறவினை கற்பிக்கும்போதெல்லாம் ‘மெயின்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் என் நினைவுக்கு வரும். 1898 பெப்ரவரி 15ஆந் திகதி இரவு ஹவானாத் துறைமுகத்தில் அக்கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 260 பேர் மாண்டனர். ‘வெடித்தது’ என்பதற்கு மேல் அன்று எவரும் அறியார். ஆயின், ஹேர்ஸ்ற் என்பாரின் ‘நியூயோர்க் ஜேர்னல்’ இரண்டே நாளில் அதனைப் பகைவர் செயலெனப் பேரெழுத்தில் அச்சிட்டது. குற்றவாளியைக் காட்டுவோர்க்கு 50,000 டொலர் பரிசென்றும் அறிவித்தது. ‘வெடித்தது’ ‘வெடிப்பித்தனர்’ ஆயிற்று. எழுவாயை வாசகரே நிரப்பிக்கொண்டனர்: ஸ்பெயின்!

மார்ச்சில் கடற்படை விசாரணைக் குழு, வெளியே கிடந்த கண்ணிவெடியே காரணமென்றது. வைத்தவர் இன்னாரென்று சொல்லத் துணியவில்லை. அத்தயக்கத்தை யார் பொருட்படுத்தினர்? ஏப்ரலில் போர் மூண்டது.

பத்திரிகை ஒன்றே போரை மூட்டியதென்பது மிகை. கியூபக் குடியானவரை முகாம்களில் அடைத்து ஸ்பானிய ஆட்சி பட்டினிக்கும் நோய்க்கும் இரையாக்கியது மெய்யே. அம்மெய்யை முன்னரே படித்திருந்தமையாலன்றோ ஐயமும் துணிபாக விலைபோயிற்று!

1976இல் அட்மிரல் றிக்கோவர் மீள ஆராய்ந்து, நிலக்கரி அறையில் எழுந்த தீயே வெடிமருந்தைப் பற்றியிருத்தல் கூடுமென்றார். அதுவும் முடிந்த முடிபன்றென்பார் உளர்.

ஆதலின் அயல்நாட்டுப் போர்ச்செய்திகளை வகுப்பில் வாசிக்கும்போது வினைமுற்றுகளின்கீழ்க் கோடிடச் செய்கின்றேன். கண்டவர் சொன்ன வினை யாது, பத்திரிகை சேர்த்த எழுவாய் யாது எனப் பிரித்துக் காட்டல் வேண்டும். மாணாக்கர் சலிப்பர், நான் விடுவதில்லை.