ஆடும் இருக்கையும் ஒரு பாடம்தான்

கம்ப்யூட்டர் கார் பந்தயத்துக்கு வீட்டிலேயே ஆடும் இருக்கை செய்கிறேன் என்று பிள்ளை சொன்னால், "போய்ப் படி" என்று விரட்டாதீர்கள், பெற்றோர்களே. அதுவும் படிப்புதான்.

பழைய கார் வைப்பர் மோட்டார் இரண்டு, அவற்றை இயக்க ஓர் ஆர்டுயினோ போர்டு, மோட்டார் டிரைவர், சாய்வை அளக்கப் பொட்டென்ஷியோமீட்டர். திரையில் கார் வேகமெடுக்கும்போது இருக்கை மெல்லப் பின்னால் சாயும். 10 டிகிரி சாய்ந்தாலே எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு முதுகுப் பக்கம் அழுத்தும். கண் திரையிலேயே இருப்பதால், மூளை அதை முடுக்கம் என்று நம்பிவிடும். சைன் அட்டவணை எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

ஒரே நிபந்தனை: ஆள் உட்காருமுன், கைக்கெட்டும் தூரத்தில் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் அவசர சுவிட்ச் வேண்டும். விரல் எது, கம்பி எது என்று மோட்டாருக்குத் தெரியாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். ஸ்பானரை மட்டும் பிடுங்காதீர்கள்.