கத்தியைப் பாடுறோம், மூசையை யார் பாடுறது?

ஊட்ஸ் எஃகு நம்மாளு செஞ்சது, டமாஸ்கஸ் வாள் நம்ம இரும்புன்னு மாசத்துக்கு ஒரு பதிவு வந்துடுது. படிக்க எனக்கும் புடிக்கும்தான். ஆனா அந்த எஃகை 1300 டிகிரிக்கு மேல தாங்கி நின்ன மூசையைப் பத்தி யாரும் மூச்சு விடுறதில்லை.

எங்க கண்ணமங்கலத்துல இருந்து தெற்கே, திருவண்ணாமலையும் தாண்டிப் போனா மேல்சிறுவள்ளூர். சாரதா சீனிவாசன் 1990களில் ஆராய்ந்த பழைய எஃகு மூசைத் துண்டுகள் கிடைச்ச ஊர். அந்த மாதிரி மூசைக்கு மண்ணோட நெல் உமியைக் குழைச்சிருக்காங்க. சூட்டில் உமி கரியாவும் சிலிக்காவாவும் மாறி, மூசை இளகாம பாத்துக்குது. ஆரணி ரைஸ் மில்லுல குவிஞ்சு கிடக்கே, அதே உமிதான்! (இன்னைக்கும் உருகின எஃகு ஆறாம இருக்க மேலே உமிச்சாம்பல் தூவுறாங்க.)

இன்னைக்கும் பிரச்சினை அதேதான்: சூட்டைத் தாங்குற பாகம். எஃகுத் தகட்டைப் பதப்படுத்தும் உலைக்குள்ள வரிசையா ரோல்கள் சுத்தும். வழக்கமா இரும்பு, குரோமியம், நிக்கல் கலவை. 900 டிகிரியில நாளாக ஆக ரோல் மேல கொப்புளம் கட்டி, தகட்டுல கீறல் விழும். உலையை நிறுத்தி, ஆறவிட்டு, தேய்ச்சு, மறுபடி சூடேத்தணும். அத்தனை எரிவாயுவும் வேஸ்ட். நம்ம சர்வரை ரீபூட் பண்ற கதை, என்ன, இங்கே ரீபூட்டுக்கு நாள்கணக்கு.

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் இதுக்கு நிக்கல் அலுமினைடை எடுத்துச்சு. சூடு ஏற ஏற, ஒரு அளவு வரைக்கும், பலம் கூடுற வினோத உலோகம். மேலே அலுமினிய ஆக்சைடு தோல் தானா படியும். ஆனா தனியா இருந்தா பொட்டுனு உடையும்; துளி போரான் சேர்த்தா வளையும்னு 1979ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சாங்க. அப்போ பெத்லஹேம் ஸ்டீல் வசம் இருந்த பர்ன்ஸ் ஹார்பர் ஆலையில 1990களில் இந்த ரோல்களைப் போட்டுப் பார்த்தாங்க. கொப்புளத் தொல்லை போச்சு.

"விலை ஜாஸ்தியாச்சே"ம்பீங்க. ஜாஸ்திதான், நிக்கலுக்கு நாம வெளிநாட்டைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கோம். ஆனா பர்ச்சேஸ்ல இருக்கிற என் நண்பன் கேட்கிற முதல் கேள்வி "கிலோ என்ன விலை?" ரோல் என்ன கத்திரிக்காயா? எத்தனை மணி நேரம் ஓடும், நடுவுல எத்தனை தடவை உலையை நிறுத்தணும்னு கேட்டாத்தான் கணக்கு நேராகும். கரண்ட் பில்லைப் பார்த்து அலறுற நம்ம ஊர் ஆலைகள்தான் இதை முதல்ல கேட்கணும்.

இதை உருக்குறதுலயும் ஒரு வசதி. நிக்கலும் அலுமினியமும் சேரும்போதே சூடு கிளம்பும். அதையே வெச்சு உருக்குற முறையை ஓக் ரிட்ஜ்ல வினோத் சிக்கா குழு கொண்டுவந்துச்சு. கோயம்புத்தூர் ஃபவுண்டரி பக்கம் இருக்கிற மக்களே, யாராச்சும் வார்த்துப் பார்த்திருக்கீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க.