சில நாள் குடியிருப்பும் அண்டை வீட்டார் உரிமையும்



பணியின் நிமித்தம் ஒரு குடும்பம் பிள்ளைகளுடன் டோக்கியோ நகரில் சில வாரங்கள் தங்க நேர்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். விடுதிச் செலவு கட்டுபடியாகாது. சமையலும் தம் கையாலேயே வேண்டும். ஆகவே, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் சிறு வீட்டை வாடகைக்கு எடுக்கின்றனர். அவ்வீடு அவர்களுக்குக் கற்பிப்பவை பல.

கதவைத் திறந்ததும், வீட்டின் தளத்தைவிடச் சற்றே தாழ்ந்த ஓரிடம் இருக்கும். 'கென்கான்' எனப்படும் அங்கேயே காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே, அறையின் அளவைப் பாய்க் கணக்கில் கூறுவர். ஆறு பாய் அறை என்றால் ஏறத்தாழ 10 சதுர மீட்டர். பகலில் அமர்ந்து உண்ணும் இடமே, இரவில் மெத்தைகளை விரித்ததும் படுக்கையறையாகிவிடும். குளியலறையிலோ, தொட்டிக்கு வெளியே உடலைத் தேய்த்துக் கழுவிய பின்னரே வெந்நீரில் இறங்க வேண்டும். அதே நீரில்தான் குடும்பத்தார் ஒருவர்பின் ஒருவராக இறங்குவது அந்நாட்டு வழக்கம்.

இவை வீட்டுக்குள் நிலவும் ஒழுங்குகள். உண்மையான சோதனை சுவருக்கு அப்பால் இருக்கிறது. பிள்ளைகள் ஓடியாடினால் அவ்வோசை கீழ்வீட்டாரின் தலைமேல் விழும். குப்பையை எரியக்கூடியது, எரியாதது, புட்டி, தகர டப்பா என வகை பிரித்து, அவ்வவற்றிற்குரிய நாளில் காலையில் குறித்த இடத்தில் வைக்க வேண்டும். தவறாக வைத்த பையை எடுக்காமலே வண்டி போய்விடும். வந்தவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். அந்தத் தொல்லையைச் சுமப்பவர்கள் அங்கேயே வாழ்பவர்கள் அல்லவா?

இதனை ஜப்பானியச் சட்டமும் கருத்தில் கொண்டுள்ளது. பயணிகளுக்குத் தனியார் வீடுகளை விடுவது குறித்து 2018 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒரு வீட்டை ஆண்டுக்கு 180 நாட்களுக்கு மேல் அவ்வாறு விட இடமளிப்பதில்லை. அண்டை அயலாருக்கு இடையூறு நேராதிருக்கத் தங்குவோர் கவனிக்க வேண்டியவற்றை எடுத்துரைப்பதும், அயலார் முறையிட்டால் உரியவாறு பதில் அளிப்பதும் வீட்டை விடுபவரின் கடமை என்றும் அது கூறுகிறது.

"பத்து நாளில் போய்விடுவோம், யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள்?" என்று எண்ணத் தோன்றலாம். சகோதரிகளே, நம் வாடகைக் காலம் குறுகியது என்பதால் அண்டை வீட்டாரின் உரிமை குறைந்துவிடுமா? வந்த முதல் நாளிலேயே வீட்டு விதிகளைப் பிள்ளைகளுடன் அமர்ந்து படியுங்கள். புறப்படும் நாளில் குப்பை வண்டி வராதெனில் என்ன செய்வதென முன்கூட்டியே கேட்டறியுங்கள். நாம் போன பிறகு அடுத்த வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடும்படி நடந்துகொள்ளாதிருப்பதே நல்ல விருந்தினருக்கு அழகு.