மூன்று மில்லிமீட்டர் பொய்யெழுத்து

கடந்த மூன்று ஆண்டுகளாக, ஆய்வேட்டின் இயல்களுக்கு நடுவே கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஐதராபாத் விடுதி அறையில் அமர்ந்து சிறிய பொம்மை வீரர்களுக்கு வண்ணம் தீட்டி வருகிறேன். மேசைமேல் ஆடப்படும் போர் விளையாட்டுகளுக்கான மினியேச்சர்கள் அவை. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000 இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று பலரும் கேட்டுவிட்டார்கள். ‘எழுத்து’ என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை வகுப்பறையைவிட இந்தத் தூரிகையிடம்தான் நான் தெளிவாகக் கற்றேன் என்பதே என் விடை.

இக்கலையில் ‘ஃப்ரீஹேண்ட்’ என்றொரு சொல் வழங்குகிறது. வார்ப்பிலேயே புடைத்திருக்கும் கோடுகளுக்கு வண்ணமிடுவதோ, நீரில் நனைத்து ஒட்டும் ஆயத்தப் படங்களைப் பதிப்பதோ இதில் சேராது. மேலங்கியின் ஓர அலங்காரம், கொடியின் சின்னம், தோள்கவசத்தின் கட்டங்கள் ஆகியவற்றை வழுவழுப்பான பரப்பின்மீது தூரிகையால் நேரடியாக வரைவதே ஃப்ரீஹேண்ட். இவற்றுள் எனக்குக் கடினமாக இருந்தது, பார்வைக்கு மிக எளியதாகத் தோன்றும் ஒன்று. வார்ஹாமர் வீரர்களின் கவசத்தில் அரக்கு முத்திரையும் அதிலிருந்து தொங்கும் தோல்தாள் துண்டும் இருக்கும். ‘தூய்மை முத்திரை’ என்பது அதன் பெயர். மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள அத்துண்டில் ஏதோ ஓர் உறுதிமொழி எழுதப்பட்டிருப்பதுபோல் தோன்றவேண்டும்.

முதலில் உண்மையாகவே தமிழில் எழுத முயன்றேன். சுழிகள் அடைந்து மையின் கறையாயின. புள்ளி பக்கத்து எழுத்தோடு கலந்தது. தேர்ந்த ஓவியர்கள் அந்த இடத்தில் எழுதுவதில்லை, கிறுக்குகிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். ஆனால் எந்தக் கிறுக்கலும் எழுத்தாகத் தோன்றிவிடாது. கோடுகள் ஒரே அடிவரியில் நிற்கவேண்டும். இடையிடையே சொல்லிடைவெளிபோல் இடம் விடவேண்டும். ‘சொற்கள்’ ஒரே நீளத்தில் அமையக்கூடாது. ஒன்றிரண்டு கீற்றுகள் மேலே உயரவேண்டும், ஒன்றிரண்டு கீழே இறங்கவேண்டும். கடைசி வரி பாதியில் நின்றால் பத்தி முடிந்துவிட்டதாகக் கண் நம்பிவிடும். கறுப்பைவிட நீர்த்த அடர்பழுப்பு பொருத்தமாக இருக்கும். எல்லாவற்றையும்விட முதன்மையான விதி ஒன்றுண்டு: ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அது ஓர அலங்காரமாகிவிடும், ஒவ்வொரு வடிவமும் முற்றிலும் வேறுபட்டால் வெறும் கீறலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் ‘எழுத்து’ தோன்றுகிறது.

ஒருநாள் என் வங்காளி நண்பரிடம் தூரிகையைக் கொடுத்து, பொருளற்ற கிறுக்கல் ஒன்றை வரையச் சொன்னேன். அவர் முதலில் மேலே ஒரு கிடைக்கோட்டை இழுத்து, அதிலிருந்து கீற்றுகளைத் தொங்கவிட்டார். என் கிறுக்கலைப் பார்த்த தெலுங்கு நண்பரோ, “இது உங்கள் தமிழா?” என்று கேட்டார். நான் ஓர் எழுத்தும் எழுதியிருக்கவில்லை. ஆனால் வளைவும் சுழியும் என் கையின் பழக்கத்திலிருந்து தாமாகவே வந்திருந்தன. மொழியே இல்லாத இடத்திலும் கைக்கு ஒரு தாய்மொழிச் சாயல் இருக்கிறது!

பொய்யெழுத்து புதிதன்று. இத்தாலிய ஓவியர் ஜென்டைல் த ஃபாப்ரியானோ 1423இல் வரைந்த ‘மூன்று ஞானியரின் வணக்கம்’ என்ற ஓவியத்தில் மரியாளின் ஒளிவட்டத்தை அரபு எழுத்தைப் போன்ற கோடுகள் சூழ்ந்திருக்கின்றன. சீனக் கலைஞர் ஷு பிங் 1987 முதல் 1991 வரை உழைத்து உருவாக்கிய ‘வானத்திலிருந்து வந்த நூல்’ என்ற படைப்புக்காக, எவராலும் வாசிக்க இயலாத நாலாயிரம் அளவிலான சீன எழுத்துருக்களைத் தாமே புனைந்து மரத்தில் செதுக்கினார். தோற்றத்தில் ஒரு குறையும் இல்லை, பொருள்தான் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சிந்துவெளிக் குறிகளைப் படித்தறிபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்த பிறகு, ‘படித்துவிட்டேன்’ என்னும் பதிவுகள் என் பார்வைக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றுள் பலவற்றின் அடித்தளம், ‘இவை வரிசையாக உள்ளன, ஒழுங்கோடு மீள்கின்றன, ஆகவே மொழிதான்’ என்பதே. இதைச் சுற்றிய விவாதம் பழையது. அவை மொழியைக் குறிக்கும் எழுத்தே அல்ல என்று ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் ஆகியோர் 2004இல் வாதிட்டனர். குறிகளின் நிபந்தனை என்ட்ரோபி இறுகிய ஒழுங்குக்கும் முழுத் தற்செயலுக்கும் இடையில், மொழிகளுக்கு அருகே அமைகிறது என்று ராஜேஷ் ராவும் அவருடைய குழுவினரும் 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினர். மொழியல்லாத குறிமுறைகளும் அந்த இடைநிலத்தில் அமையக்கூடும் என்று ஸ்ப்ரோட் மறுத்தார்.

என் தூரிகை இவ்வழக்கைத் தீர்த்துவைக்காது. நான் பார்த்தது கண்ணுக்குப் படும் ஒழுங்கை; அவர்கள் அளந்தது குறிகளின் வரிசையை. இரண்டும் வேறு. எனினும், ‘நடுவில் இருப்பது’ எழுத்துக்குத் தேவையான பண்பாக இருக்கலாம், போதுமான சான்று ஆகாது என்பதை அந்த மூன்று மில்லிமீட்டர் துண்டு நாள்தோறும் எனக்கு நினைவூட்டுகிறது. சிந்துவெளிக் குறிகள் மொழியே என்பதுதான் என் சாய்வும். ஆனால் சராசரியாக ஐந்து குறிகளே கொண்ட பொறிப்புகளிலிருந்து, இருமொழிச் சான்று ஒன்றும் கிடைக்காத நிலையில், ஒரு சாய்வை முடிவாக அறிவிக்கும் துணிவு எனக்கில்லை. தமிழ்மீது பற்றுள்ளவர்களே இதில் கூடுதல் கண்டிப்போடு இருக்கவேண்டும் என்று கருதுகிறேன். நாளை உண்மையான படிப்பொன்று வரும்போது, இன்றைய அவசர அறிவிப்புகளோடு சேர்த்து அதையும் உலகம் ஒதுக்கிவிடக்கூடாது அல்லவா?

எழுத்தியல் பயிலும் இளைய மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். ஒரு தாளில் ஐந்து வரி பொய்யெழுத்து எழுதுங்கள். எந்த மொழி என்று அடுத்த அறை நண்பரிடம் கேளுங்கள். அவர் தயங்காமல் ஒரு விடை சொல்லிவிட்டால், நம் கண் எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறது என்பது புரியும். அதன் பிறகு சிந்துவெளிக்குச் செல்லலாம்.