தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்



1987 மார்ச். செங்கல்பட்டிலிருந்து பிள்ளைகளை மாமல்லபுரம் சுற்றுலா அழைத்துப் போயிருந்தேன். அதற்கு முந்தைய மாதம் 23-ஆம் தேதி, தென்வானில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. நம் காவலூர் வானோக்கு நிலையத்திலும் அதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கடற்கரைக் கோயில் அருகே உட்கார்ந்து, "இந்த மணலில் உள்ள சிலிக்கனும் ஆக்சிஜனும் என்றோ நட்சத்திரங்களில் உருவானவைதான்" என்றேன்.

ஒரு பையன் எழுந்தான். "வெடிச்சா எல்லாம் ஆவியாத்தானே சார் போகும்? அப்புறம் கல்லு, மண்ணு எப்படி வரும்?"

"பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது.

பதில் நம் வீட்டிலேயே இருந்தது. கண்மை எடுக்க, நெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்க்கிறோம். நெய்யின் ஆவி சுடரில் கரித்துகளாகி, தட்டில் மையாகப் படிகிறது. வெடித்த நட்சத்திரத்திலும் ஏறக்குறைய அதுதான். சிதறிய வாயு விரிய விரியக் குளிர்கிறது. சுமார் 1,500 டிகிரிக்கு இறங்கியதும் அணுக்கள் ஒட்டத் தொடங்குகின்றன. கார்பன் கரித்துகளாகிறது. சிலிக்கனும் ஆக்சிஜனும் உலோகங்களோடு சேர்ந்து நுண்ணிய கல்துகளாகின்றன.

இப்படி நடக்கலாம் என்று ஃபிரெட் ஹாயிலும் இலங்கையில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் 1970-லேயே எழுதியிருந்தார்கள். 1987-இல் வெடித்த அதே நட்சத்திரத்தில், சுமார் ஒன்றரை ஆண்டு கழித்து அது கண்ணெதிரே நடந்தது. ஒளி மங்கியது, அகச்சிவப்புக் கதிர் கூடியது: உள்ளே தூசி உருவாகி ஒளியை மறைத்தது. 2011-இல் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் கணக்குப்படி, அங்கே சுமார் இரண்டு லட்சம் பூமிகளின் எடைக்குத் தூசி இருந்தது.

அதாவது, அந்தப் பையன் கேட்ட நாளில் அந்த நட்சத்திரமே இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. விஞ்ஞானிகள் காத்திருந்த கேள்வியை அவன் கேட்டான். நான் உட்கார வைத்தேன்.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்குச் சொல்கிறேன்: பாடத்தில் இல்லாத கேள்விதான் பெரும்பாலும் நல்ல கேள்வி. "தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்றால் ஆசிரியரின் மரியாதை குறையாது. பிள்ளையின் வாயை அடைத்தால்தான் குறையும்.

அந்தப் பையன் இதைப் படித்தால்: தம்பி, பதில் சொல்ல இத்தனை வருடம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்.