பிறந்த குழந்தைக்குப் பழைய புடவை

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பேரக் குழந்தைக்காகக் காத்திருக்கும் பாட்டிகளின் பையைத் திறந்தால், துவைத்து மடித்த பழைய வேட்டி ஒன்று இருக்கும். பிஞ்சு உடம்புக்கு உறுத்தாத துணி எதுவென்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மறுவாரம் குழந்தையைப் பார்க்க வரும் சொந்தக்காரர் கையில் இருப்பதோ கடையில் வாங்கிய 'பேபி பெட்'. பிளாஸ்டிக் உறை, ஜிப் வைத்த கொசுவலை, குட்டித் தலையணை, வழவழவென்று பாலியஸ்டர். மே மாதத்தில் காசிமேட்டுத் தகரக் கூரையின் கீழ் அதில் படுக்கும் குழந்தைக்கு வேர்க்குருதான் மிச்சம்.

அதற்குப் பதில் பழம்புடவையில் கையால் தைத்த மெல்லிய விரிப்பைக் கொடுக்கலாமே என்றால், "ஒட்டுத்துணியையா சீர் வைப்பது?" என்று முகம் சுளிப்பார்கள். வீண் கூச்சம். வங்காளத்துக் காந்தாவும் மராட்டியத்துக் கோதடியும் கட்டிக் கிழிந்த சேலைகளில் பிறந்தவைதான். கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' தைக்கிறார்கள். கரையில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகும் தையல் அது. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூ என்று வைக்காமல் வேலையை முடிக்க மாட்டார்கள். குழந்தைகளுக்கென்று சின்ன அளவிலும் தைப்பார்கள். இன்று அதை வாங்க வெளிநாட்டில் ஆள் இருக்கிறது.

வடசென்னைக்கு இதில் உரிமை கொண்டாட வேறொரு காரணமும் உண்டு. ஒரு காலத்தில் மெட்ராஸிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய சந்தை இருந்தது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அந்தத் துணியைக் குடும்பச் சொத்தாகப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். பிள்ளை பெற்ற தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் அதைத்தான் எடுத்துப் போர்த்தினார்கள். கடல் கடந்த ஊரில் மதிப்பாகத் தெரிந்த பழந்துணி, ஏற்றி அனுப்பிய ஊரில் மட்டும் கேவலமாகத் தெரிவானேன்?

தைப்பது பெரிய வித்தை இல்லை. மேலும் கீழும் பழைய வேட்டி, நடுவில் நைந்த பருத்திப் புடவை இரண்டு மடிப்பு. ஒரு கெஜம் சதுரம் போதும். முதலில் கஞ்சிப் பசை போகக் கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு ஓரத்தை உள்ளே மடித்து, விரல் அகல இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத்தையல். முடிச்சு துணிக்குள்ளேயே மறைய வேண்டும். தொங்கும் நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். ஜரிகை, மணி, பொத்தான் எதுவும் கூடாது. அந்துருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்த புடவையை அடியோடு தவிர்ப்பதே நல்லது. ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடுள்ள சிசுவுக்கு நாப்தலின் வாடை பட்டாலே ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றக்கூடும். பாட்டி வைத்தியத்தை மெச்சுகிறவர்கள் இந்த இடத்தில் டாக்டர் பேச்சையும் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் டாக்டர்கள் சொல்வதுதான். ஒரு வயது முடியும்வரை தூங்கும் குழந்தையின் பக்கத்தில் தலையணையோ தளர்ந்த போர்வையோ வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடும் என்ற பயம். ஆகவே இந்த விரிப்பு போர்த்திவிட்டுப் போவதற்கல்ல. மடியில் ஏந்த, எண்ணெய் தேய்க்க, பாயில் போட்டுக் கண்ணெதிரே விளையாடவிட. கடை மெத்தையோடு வரும் அந்தக் குட்டித் தலையணைக்கு எந்த வேலையும் இல்லை.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015-ல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. துண்டு, உடை, கொசுவலையோடு படுக்கையும் அதில் ஒன்று. இந்த யோசனைக்கு மூத்தது பின்லாந்து. அங்கே 1938-லிருந்து ஏழைத் தாய்மார்களுக்கும், 1949-லிருந்து எல்லாத் தாய்மார்களுக்கும் பெட்டி கொடுக்கிறார்கள். ஆரம்ப காலத்துப் பெட்டிகளில் தாயே குழந்தைக்குத் தைத்துக்கொள்ளத் துணியையும் வைத்துக் கொடுத்தார்களாம்.

தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடைகளைச் சமூக நலத்துறையின் கீழுள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. மெல்லிய கைத்தறிப் பருத்தியைக் கொடுத்தால் குழந்தை விரிப்பையும் அவர்களால் தைக்க முடியும். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் வைத்துக் காத்திருக்கும் பெண்களுக்குக் கூலி. குழந்தைக்கு வியர்வை உறிஞ்சும் துணி. ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளிடமிருந்தே சமூக நலத்துறை இதைத் தொடங்கலாம்.