சேமிக்க வழி செய்யாமல் அணைக்கச் சொல்வதா?

கூரைச் சோலர் வைத்திருப்போர் 2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை அதை அணைத்து வைக்க வேண்டும் என்று மின்துறை அதிகாரிகள் விடுத்த கோரிக்கையை ஏற்க முடியாது. புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை சரியும், பகல் உற்பத்தி மிஞ்சினால் மின் கட்டமைப்பு குலையும் என்றார்கள். அதே ஆண்டு பெப்ரவரி 9இல் மின்தடையால் நாடே இருண்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் சித்திரைப் புத்தாண்டு ஆண்டுதோறும் வருவது. ஆயத்தம் ஏன் வரவில்லை?

யாழ். உரும்பிராயில் கடன்பட்டுக் கூரையில் தகடு பதித்தவர்களுக்கு மாதத் தவணை விடுமுறை பார்ப்பதில்லை. உச்சி வெயிலில் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் இன்வேர்ட்டரைத் தொட்டால் கை சுடும். அதனுள் மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் கப்பாசிட்டர்கள் பல, அலுமினியம் பூசிய மெல்லிய பொலிபுரோப்பிலீன் படலத்தைச் சுருட்டிச் செய்தவை. சூடு 85 பாகை செல்சியஸைத் தாண்டினால் மின் கசிவு கூடும், அழுத்தத்தைக் குறைத்தே இயக்க வேண்டும். 105 பாகைக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. பற்றரியில் சேமித்தாலும் மின்சாரம் இந்த வழியாகத்தான் வீட்டுக்கு வரும். இத்தகைய கப்பாசிட்டருக்கென, போரன் நைத்திரைட்டு நுண்தகடுகளைக் கலந்த பல்பகுதியம் 250 பாகையிலும் தாங்குவதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இலேயே காட்டிவிட்டார்கள். உலகம் கடும் வெப்பத்திலும் மின்சாரத்தைச் சேமிக்கப் பத்தாண்டுக்கு மேலாக முயல்கிறது. வெப்பத்திலேயே வாழும் நம்மிடம் அணைத்துவிடு என்றார்கள்.

அதிகாரத்தில் இருப்போரின் இந்தப் போக்கை நாம் புதிதாகப் பார்க்கவில்லை. 2022 மார்ச்சில் எரிபொருளுக்கு வழி தேடாமல் நாட்டை 13 மணிநேர மின்வெட்டில் தள்ளினார்கள். அதற்கு முன், அயலிலுள்ள சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின் எடுக்க இடங்கொடுத்தார்கள், கண்காணிக்க வேண்டியதைக் கண்காணிக்கவில்லை. கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் கட்டளையிட்ட பிறகே ஊருக்கு ஓரளவு நீதி கிடைத்தது. அன்று எண்ணெய் மின்சாரத்துக்காக நம் தண்ணீரைப் பறிகொடுத்தோம். 2025இலோ புகையும் கழிவும் இல்லாமல் மின்சாரம் தருபவனின் ஆளியை அணைக்கச் சொன்னார்கள். திட்டமிடத் தவறியவர்களின் கடனைக் குடிமகன் ஏன் கட்ட வேண்டும்?

பகல் வெயிலை இரவுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு வேண்டும். நம் வெப்பத்துக்கு ஏற்ற கருவியும் பொருளும் எவை என்று ஆராய வேண்டும். யாழ். பல்கலைக்கழகப் பௌதிகத்துறை சூரியக் கல ஆய்வில் நெடுங்காலமாக ஈடுபட்டுவருகிறது, அத்தகையோரைக் கேளுங்கள். இன்னொரு சித்திரைக்கும் இதே கோரிக்கை வருமானால், அதற்கு இணங்கும் கடமை எங்களுக்கு இல்லை.